கொக்குக் கழுத்து

படகுத் தளத்தின் பழைய ஓட்டைக்குள் ஆட்காட்டி விரலை விட்டுத் தோண்டினாள். முதலில் உரிந்து வந்தது காய்ந்த பசை. அடுத்து வந்ததை மரம் என்று சொல்ல வாய் வராது. வடிகட்டி எறிந்த டீத்தூள் போலக் கறுத்து, கையில் ஒட்டி, செத்த எலி நாற்றம் அடித்தது. விரல் முழுசாக உள்ளே போயும் உறுதியாக எதுவும் தட்டுப்படவில்லை.

"யாருங்க போட்ட ஓட்டை இது?"

அவள் புருஷன் பாய்ப்படகின் மேல்தளத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். வலது கையை மார்போடு அணைத்து வைத்திருந்தார், யார் வீட்டுக் குழந்தையையோ கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்ன மாதிரி.

"யாரோ போட்டிருப்பான். எட்டு வருசத்துக்கு முந்தின ஓட்டை. நீ தோண்டுறதைத் தோண்டு."

ஏணியில் நின்று படகின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் தலை தளத்துக்கு மேலே எழுந்தது. அந்தப் பட்டறையில் பெயின்ட் அடிப்பவள் அவள். புருவத்திலெல்லாம் நீலப் பொடி.

"யாரோவா? எங்க அண்ணன்தான் அண்ணி. அன்னைக்கு உள்ள நின்னு டார்ச் பிடிச்சவளே நான்தான். துளைச்சு முடிச்சிட்டு, இனிமே இதுல எறும்பு மூத்திரம்கூட இறங்காதுன்னாரு. இன்னும் காதுல அப்படியே இருக்கு."

"உன் வேலையைப் பாருடி."

"கைதானே வேலை பாக்குது. காது சும்மாதானே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் அவர் வாளியை விட்டு எழுந்து போய்விடுவார். மூன்று மாதமாக அவர் எதற்கெடுத்தாலும் எழுந்து போய்விடுகிறார்.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான், கயிறு சுற்றும் உருளைக்குள் அந்தக் கை போனது. எலும்பு சேர்ந்துவிட்டது. நரம்பு சேரவில்லை. விரல்கள் பாதி மடங்கி அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுவிட்டன. சட்டைப் பித்தானை அவள் போட வந்தால் திரும்பிக்கொள்வார். இடது கையால் அரை மணி நேரம் போராடி, ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். அவளும் பார்க்காத மாதிரி நடந்துகொள்வாள்.

பெயின்ட் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. அது, படகுகளுக்கு மின்சார வயர் இழுக்கும் வயர்க்காரர் என்று அவருக்குப் பட்டறை கொடுத்த அறை. வயர் வேலை போனால் அறையும் போகும். புதிதாக ஓர் ஆளுக்குத் திங்கட்கிழமை வரச்சொல்லி மேஸ்திரி தகவல் அனுப்பிவிட்டார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக அவரிடம் போய் நின்றாள்.

"அந்த வேலையை நான் பாக்குறேன்."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனால் சிரித்துவிட்டார். "நீ மோட்டார் காயில் சுத்துனவம்மா."

"ஒன்பது வருசம் சுத்தியிருக்கேன். நான் சுத்துன ஒரு மோட்டாரும் கருகித் திரும்பி வந்ததில்ல."

"மோட்டார் தரையில கிடக்கும். பாய்மரம் கடல்ல நிக்கும்."

"தான் எங்க இருக்கோம்னு கம்பிக்குத் தெரியுமா?"

அவர் தாடையைச் சொறிந்தார். கடைசியில் இந்தப் படகைக் காட்டினார். மழை பெய்தால் படுக்கையில் சொட்டுகிறது என்று சொந்தக்காரர் கொண்டுவந்து விட்ட படகு. பாய்மரத்து உச்சி விளக்குக்கு ஒன்று, காற்றுக் காட்டிக்கு ஒன்று, ஏரியலுக்கு ஒன்று என்று மூன்று கம்பிகள் மரத்துக்குள்ளேயே இறங்கி, அடியில் வெளியே வந்து, தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். "சனிக்கிழமை காலையில கிரேன் வரும். மரத்தை நிறுத்துவோம். நிறுத்துனதும் இருபது நிமிசம் குழாய்த் தண்ணி அடிப்பேன். உள்ள ஒரு சொட்டு வந்துச்சுன்னா, திங்கட்கிழமை வர்றவனுக்கு ரூமைத் திறந்து விட்டுடணும். வரலைன்னா வேலை உனக்கு. பேச்சு அவ்வளவுதான்."

அதனால்தான் வியாழக்கிழமை காலையில் அவள் விரல் அந்த ஓட்டைக்குள் இருந்தது.

தளம் என்பது மேலே ஒரு பைபர் தகடு, கீழே ஒரு பைபர் தகடு, நடுவில் லேசான மரம். க்ரீம் பிஸ்கட் மாதிரி. தகட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஓட்டையின் சுவர் வழியாக நடு மரத்துக்குப் போய்விட்டால் அதற்குப் பிறகு யாராலும் துரத்த முடியாது. ஆணி ஒன்றை வளைத்துத் துளைக்கும் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டாள். அழுகல் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது. ஒரு டப்பா நிறைந்தது. உலர்ந்த மரம் வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு துணியால் துடைத்து, அனல் காற்று மெஷினை அரை நாள் காட்டினாள். மழைக்கு முந்தைய புழுக்கம். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இதெல்லாம் தேவையா?" என்றார் புருஷன். "நேரா துளை. வயரை விடு. சுத்திப் பசையை அப்பு. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் பண்றான்."

"அப்படிப் பண்ணதைத்தான் இப்ப டப்பாவுல அள்ளி வெச்சிருக்கேன்."

அவர் டப்பாவைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. அதுவே பெரிய விஷயம்.

குழிந்த இடம் முழுவதும் ரெசினை ஊற்றினாள். மறுநாள் அது கல்லாக இறுகியிருந்தது. அந்தக் கல்லின் நடுவே புதிதாகத் துளைத்தாள். இனி தண்ணீர் வந்தாலும் அது தொடப்போவது ரெசினைத்தான், மரத்தை அல்ல. துளையின் மேல் ஒரு எவர்சில்வர் குழாயை நிறுத்தித் திருகினாள். சாண் உயரம் எழுந்து, கொக்கு மீனைப் பார்த்துத் தலை குனிவது மாதிரி வளைந்து, வாய் கீழே பார்த்து நிற்கும் குழாய். கம்பிகள் அந்த வாய் வழியாக மேலேறி, வளைவு தாண்டி, உள்ளே இறங்கும். மேலிருந்து கொட்டும் மழைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அலை கீழேயிருந்தும் அடிக்கும். அதற்காக வாயில் ஒரு தடித்த ரப்பர் கட்டை. அதில் மூன்று துளைகள், துளைக்கு ஒரு கம்பி. ரப்பருக்கு மேல் ஒரு மூடி. மூடியை முறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கம்பிகளைக் கவ்விக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேருமாகக் கட்டைகளின் மேல் படுத்திருந்த பாய்மரத்துக்குள் புதுக் கம்பிகளை இழுத்தார்கள். அவள் தலைமாட்டில், அவர் கால்மாட்டில். கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு முனையில் போர்வை மடித்ததற்குப் பிறகு இப்படி எதிரும் புதிருமாக நின்று ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான். ஏரியல் கம்பிதான் கொஞ்சம் பற்றாக்குறை. கடையில் இருந்த கடைசித் துண்டு அது. அளந்து பார்த்ததில் உள்ளே இருக்கும் இணைப்புப் பெட்டிவரை மட்டாகப் போதும். ஒரு விரற்கடைகூட வெட்ட இடமில்லை.

"மூடியையும் ரப்பரையும் நான் கோக்குறேன்," என்றார் அவர். "அதுக்கு ஒரு கை போதும். நீ பிளக் போடு."

அவர் வாயால் ஒரு வேலையைக் கேட்டு வாங்கி மூன்று மாதமாகிறது. "சரி, கோத்து வைங்க. நான் போய்ச் சோறு எடுத்துட்டு வந்துடறேன்" என்று அறைக்குப் போனாள். அவித்த முட்டையும் வெங்காயமும் சோறுமாகத் தூக்கில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் கட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"போட்டாச்சா?"

"ம்."

சாப்பிட்டுவிட்டு அவள் பிளக்குகளைப் பற்றவைத்தாள். ஈயம் உருகி ஓடும்போது அவள் மூச்சு விடமாட்டாள், மோட்டார் காலத்துப் பழக்கம். மூன்று பிளக்கும் கண்ணாடி மாதிரி வந்தன.

சனிக்கிழமை கிரேன்காரர் வந்ததும் கத்த ஆரம்பித்தார். "காத்து ஏறுது. சீக்கிரம் முடிங்க. மதியம் வேற இடத்துல எனக்கு வேலை. இன்னைக்கு விட்டா அடுத்த முறை பத்து நாள் கழிச்சுதான்."

பாய்மரம் நிமிர்ந்து வானத்தில் தொங்கியது. அடியில் மூன்று கம்பிகளும் மாட்டு வால் போல ஆடின. தளத்துக்கு ஒரு முழம் மேலே மரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் மண்டியிட்டு ஒவ்வொரு பிளக்காகக் கொக்கு வாய்க்குள் திணித்தாள். உள்ளே படுத்திருந்த நாத்தனார் ஒவ்வொன்றாக இழுத்தாள்.

"வந்துடுச்சு அண்ணி! ஒண்ணு! ரெண்டு! இது என்ன, உடும்பு மாதிரி முரண்டு பிடிக்குது... வந்துடுச்சு!"

"உள்ள கொஞ்சம் தொங்கல் விட்டு மாட்டு. தண்ணி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தாலும் தொங்கல்ல சொட்டிடணும், பெட்டிக்குள்ள போகக் கூடாது."

"தெரியும் தெரியும். ராத்திரி பூரா அதைத்தானே பாடம் நடத்துனீங்க."

மரம் இறங்கித் தன் குழியில் உட்கார்ந்தது. மேஸ்திரியின் ஆட்கள் நாலா பக்கமும் கம்பிக் கயிறுகளை மாட்டி முறுக்கினார்கள். அவள் மூடியைக் கீழே இழுத்தாள். மூடி வந்தது. மூடிக்கு மேலே கம்பிகளைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

ரப்பர் இல்லை.

நிமிர்ந்தாள். புருஷன் இரண்டடி தள்ளி நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. இடது கை மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது உள்ளங்கையில் அந்தக் கறுப்பு ரப்பர் கட்டை இருந்தது.

"என்ன அங்க?" மேஸ்திரி குனிந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். எத்தனை வருஷம் பார்த்தவர். "ரப்பரைக் கோக்காமயே பிளக் போட்டுட்டீங்களா? பிளக் இந்தத் துளைக்குள்ள போகுமா?"

"போகாது," என்றாள்.

"வெட்டிட்டு வேற பிளக் போடு."

"ஏரியல் கம்பி பத்தாது. வெட்டினா பெட்டிக்கு எட்டாது."

"அப்ப மரத்தை இறக்கணும். புதுக் கம்பி வாங்கி மறுபடி இழுக்கணும். பத்து நாள்." அவர் கையை விரித்தார். "நான் என்னம்மா பண்ணட்டும்? யார் செஞ்ச வேலை இது?"

கிரேன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் புருஷன் பேசினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே.

"நான்தான். மூடியைக் கோத்துட்டேன். ரப்பர் இறுக்கமா இருந்துச்சு, ஒரு கையால தள்ள முடியல. பல்லால கடிச்சுக்கூடப் பாத்தேன். அவ வந்ததும் சொல்லலாம்னு பையில போட்டேன். அவ போட்டாச்சான்னு கேட்டா. முடியலைன்னு சொல்ல வாய் வரல. அவ தப்பு இதுல எதுவும் இல்ல."

கூட்டம் தரையைப் பார்த்தது. ரப்பரின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். திட்டுவதற்கு நாக்கில் வந்து நின்ற வார்த்தையெல்லாம் அங்கேயே கரைந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வேறு ஒன்று வந்தது. காயில் சுற்றும்போது கம்பி அறுந்தால் வருமே, அந்த நிதானம்.

"பிளேடு இருக்கா யார்கிட்டயாவது?"

"எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

"ரப்பரைக் கீறப்போறேன். ஓரத்துலேர்ந்து துளைவரைக்கும். வாயைத் திறந்து கம்பியைப் பக்கவாட்டுல உள்ள விட்டுட்டு மூடிடலாம்."

"ஏம்மா, கீறின ரப்பர் ஒழுகும்," என்றார் புருஷன். "கீறல் வழியா நேரா இறங்கும்."

"நேரா கீறினாத்தானே நேரா இறங்கும்? சாய்ச்சுக் கீறுவேன். மோட்டார்ல காயிலுக்கு நடுவுல காகிதம் வெப்போம். ரெண்டு துண்டு சேர்ற இடத்தைச் சதுரமா வெட்டினா அங்கதான் கரண்ட் தாண்டும். சாய்ச்சு வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திட்டா, அமுக்க அமுக்க இறுகும். ஒன்பது வருசம் அதைத்தான் பண்ணேன்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்."

உள்ளேயிருந்து ஏறி வந்த நாத்தனார், சுரண்டுவதற்கு வைத்திருந்த பிளேடை இடுப்புத் துணியில் துடைத்துக் கொடுத்தாள். வாங்கியவள் அதைச் சோப்பு நீரில் நனைத்தாள். ரப்பரைப் புருஷனிடமே நீட்டினாள்.

"பிடிங்க. மார்போட அழுத்திப் பிடிங்க. ஆடக் கூடாது."

வலது முழங்கைக்கும் மார்புக்கும் நடுவே ரப்பரை அவர் இறுக்கிக்கொண்டார். இடது கையால் மேலே அமுக்கினார். அவர் நெஞ்சுக்கு ஒரு விரல் தள்ளி அவள் பிளேடைச் சாய்த்து இழுத்தாள். ஒரே இழுப்பு. அடுத்த துளைக்கு வேறு பக்கச் சாய்வு. மூன்றாவதற்கு இன்னொரு பக்கம். ஒரு கீறல் இன்னொன்றுக்கு நேரே வரக்கூடாது.

"நெஞ்சைக் கிழிச்சிடாதே," என்றார்.

"கிழிச்சா உள்ள என்ன வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சிடும். நீங்களா எங்க சொல்றீங்க?"

நாத்தனார் கெக்கலித்துச் சிரித்தாள். மேஸ்திரிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரப்பர் வாயைத் திறந்தது. கம்பிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே நுழைந்து உட்கார்ந்தன. கொக்கின் வாயில் ரப்பரைச் செருகி மூடியை ஏற்றி முறுக்கினாள். கையால் முடிந்தவரை. பிறகு ஸ்பேனரால். ரப்பர் பிதுங்கி மூன்று கம்பிகளையும் கவ்வியது. கீறல் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

மேஸ்திரி பழுப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். கொக்குக் குழாய்க்கு நேர் கீழே படுக்கையின் மேல் விரித்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். "வயர்க்காரரே, நீரும் உள்ள வாரும். சாட்சிக்கு. ஏம்மா, நீ வெளியவே நில்லு. தண்ணியை உன் நாத்தனார் அடிக்கட்டும்."

"நானா?" நாத்தனார் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். முழு வேகத்துக்குத் திறந்தாள். தண்ணீர் சீறியது. கொக்கின் தலையில் அடித்தாள், கழுத்தில் அடித்தாள். பிறகு மண்டியிட்டு வாய்க்கு நேராகக் கீழேயிருந்து மேலே அடித்தாள்.

"அடியே, அலை அவ்வளவு அடிக்காதுடி!" என்றாள் அவள்.

"சொந்தக்காரின்னு பாத்துப் பாத்து அடிச்சேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது அண்ணி. நீங்க தள்ளி நில்லுங்க."

இருபது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கிரேன்காரர்கூட மதிய வேலையை மறந்து கீழே இறங்கி வந்து நின்றார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பதினெட்டாவது நிமிடத்தில் மேஸ்திரியின் குரல் வந்தது.

"நிறுத்து! நனைஞ்சிருக்கு."

நாத்தனாரின் கையிலிருந்து குழாய் நழுவியது. தள்ளி நின்றிருந்த அவள் படிகளில் இறங்கவில்லை. விழாத குறையாகப் பாய்ந்தாள். உள்ளே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி வெப்பம். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. காகிதத்தின் நடுவே நகம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். புருஷன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கம்பிகளின் தொங்கலைத் தடவினாள். விரல் காய்ந்தே வந்தது. கூரையைத் தடவினாள். காய்ந்திருந்தது. பிறகு குனிந்து, அந்த ஈர வட்டத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குது."

"என்ன?"

"உப்புக் கரிக்குது மேஸ்திரி. நம்ம பட்டறைக் குழாயில நல்ல தண்ணிதானே வருது? உங்க மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்க."

மேஸ்திரி தொட்டுப் பார்த்தார். அங்கே அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு நிமிடமாகக் காகிதத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதர். ஒரு விநாடி அவர் முகம் கோணியது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு முற்றி இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. புருஷன் கண்ணைத் திறந்து ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"மிச்சம் ரெண்டு நிமிசம் இருக்கு," என்றாள் அவள். "நீங்க தள்ளி உக்காருங்க. அடிக்கச் சொல்றேன்."

இரண்டு நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் அடித்தாள் நாத்தனார். புதிதாக ஒரு புள்ளி விழவில்லை.

உள்ளே நின்ற அவள் சுவிட்சைப் போட்டாள். வெயிலில் கீழே நின்றவர்களுக்கு உச்சி விளக்கு தெரியவில்லை. கிரேன்காரர்தான் தன் கூண்டில் ஏறி, கையால் கண்ணுக்கு மறைப்புப் போட்டுப் பார்த்துக் கத்தினார். "எரியுது! காத்துக் காட்டியும் சுத்துது! போகட்டுமா நான்?"

எல்லாரும் மேலே வந்ததும் மேஸ்திரி வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். "திங்கட்கிழமை வர்றவனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். வேலை அவர் பேர்லயே இருக்கட்டும். நீ பாத்துக்க."

"என் பேர்ல எழுதுங்க மேஸ்திரி."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணுதான்னா என் பேர்லயே எழுதுங்க."

மேஸ்திரி புருஷனைப் பார்த்தார், அங்கே ஏதாவது மறுப்பு வருமா என்று. அவர் ஈரத்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியை இடது கையால் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. "எழுதிடுங்க," என்றார் தலையைத் தூக்காமல். "இதை என்னால கழட்ட முடியல."

அறைக்கு வந்ததும் அவள் பானையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பழைய சோறு, ஒரு முழு வெங்காயம், நேற்றைய முட்டையில் பாதி. வாரக்கணக்காக அடங்கிக் கிடந்த பசி எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் எதிரே உட்கார்ந்து தண்ணீர் எடுத்து வைத்தார். "விக்கும், மெதுவா," என்றார். கழுவின கை காய்வதற்குள் வெறும் தரையில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும்.

வெளியே கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மேஸ்திரி வந்து வாசலில் நின்றார். "வயர்க்காரரே! மூணாவது ஷெட்ல பெரிய படகு, பம்ப் நின்னுபோச்சு. கொஞ்சம் வரணும்."

புருஷன் எழுந்து வந்து வாசலை அடைத்த மாதிரி நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதீங்க மேஸ்திரி. வயர்க்காரி தூங்குறா. எந்திரிச்சதும் அனுப்பி வைக்கிறேன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். யோசித்தார்.

"எந்திரிச்சதும் வருவா," என்றார்.